கல்லூரி விவாதக் கழகம்: புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் விவாதக் கழகத்தில் நான்கு வருடம் இருந்தேன். படிப்பு முடிந்த பிறகும் நடுவராக உட்காரக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். ஒவ்வொரு வருடமும் முதலாமாண்டுப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சில சமயம் அவர்களுடைய அப்பா அம்மாவும் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டிபேட் கிளப்னா டிவில வர்ற பட்டிமன்றம் மாதிரியா அக்கா?

கொஞ்சம் அது மாதிரி, நிறைய வேறு. பட்டிமன்றத்தில் தலைப்பு பல நாள் முன்பே தெரிந்துவிடும். நடுவரும் ஒரு பேச்சாளர் போல இடையிடையே பேசுவார். எங்கள் போட்டிகளில் தலைப்பை அறிவித்த 15 நிமிடத்தில் விவாதம் தொடங்கிவிடும். எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதும் நம் கையில் இல்லை. தலைப்பை மோஷன் என்போம். "இந்த அவை" என்றுதான் அது ஆரம்பிக்கும்.

அதிகமாக நடப்பது பிரிட்டிஷ் பார்லிமென்டரி, சுருக்கமாக பிபி. ஒரு அறையில் 4 அணி, அணிக்கு 2 பேர். இரண்டு அணி அரசுத் தரப்பு, இரண்டு அணி எதிர்த் தரப்பு. ஆளுக்கு 7 நிமிடம். கடைசியில் நடுவர் நான்கு அணிகளையும் வரிசைப்படுத்துவார். முதலிடத்துக்கு 3 புள்ளி, பிறகு 2, 1, கடைசி அணிக்குப் பூஜ்யம். ஏசியன் என்று இன்னொரு வடிவம் உண்டு. அதில் இரண்டே அணி, அணிக்கு மூவர், தயாராக அரை மணி நேரம்.

இதை வெள்ளைக்காரர் வழக்கம் என்று சிலர் ஒதுக்குவார்கள். வடிவம் அங்கிருந்து வந்ததுதான். கேம்பிரிட்ஜ் யூனியன் 1815இலும் ஆக்ஸ்போர்டு யூனியன் 1823இலும் தொடங்கின. ஆக்ஸ்போர்டு யூனியனுக்கு 1959இல் இலங்கைத் தமிழரான லக்ஷ்மன் கதிர்காமர் தலைவராக இருந்தார். உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. 2014ஆம் ஆண்டுப் போட்டி நம் சென்னையில் நடந்தது. ஆனால் எதிரெதிரே நின்று வாதிடுவது நமக்கு எப்போது புதிதாக இருந்தது? 1943இல் சென்னை சட்டக் கல்லூரியில் அண்ணாவும் ரா. பி. சேதுப்பிள்ளையும் கம்பராமாயணத்தை வைத்து நேருக்கு நேர் வாதாடினார்கள். காரைக்குடிக் கம்பன் கழகத்தில் சா. கணேசன் பட்டிமன்றத்தை வளர்த்தார். எங்கள் கழகத்தில் புதன்கிழமை தமிழ், சனிக்கிழமை ஆங்கிலம். இரண்டுக்கும் ஒரே ஆட்கள்தான் வருவார்கள்.

மேடை ஏறினாலே எனக்குக் கை நடுங்கும். நான்லாம் வரலாமா?

வாருங்கள். முதல் மாதம் யாரும் உங்களைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். நேரம் பார்க்கும் வேலையைக் கொடுப்பார்கள். முதல் நிமிடம் முடிந்ததும் மேசையில் ஒரு தட்டு, ஆறாவது நிமிடத்தில் ஒரு தட்டு, ஏழில் இரண்டு தட்டு. அந்த இடைப்பட்ட ஐந்து நிமிடத்தில்தான் பேசுகிறவருக்கு எதிர்ப் பக்கம் இருப்பவர்கள் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். பிஓஐ என்போம். நேரம் பார்த்தபடி நாலு விவாதம் கேட்டாலே, பெரிய பேச்சாளர்களும் எங்கே திணறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

கை நடுங்குவதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. தனித்தாளைக் கையில் பிடித்தால் நடுக்கம் தாளில் ஏறி, அறை முழுக்கத் தெரியும். பரீட்சை அட்டையில் தாளைச் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள். அட்டையின் கனத்துக்கே கை அடங்கிவிடும். என் முதல் பேச்சு ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் நின்றுபோனது. அன்று நடுவராக இருந்த அக்கா, "உன் ரெண்டாவது பாயின்ட் நல்லா இருந்துச்சு, அடுத்த வாரம் அதை மட்டும் பேசு" என்றார். அடுத்த வாரம் நான் போனதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் தடுமாறும். சனிக்கிழமை வந்தா சிரிப்பாங்களா?

எங்கள் அறையில் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் மூத்தவர்கள் சும்மா விட மாட்டார்கள். உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பது நடுவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். சொன்னது புரிந்ததா, அதற்குக் காரணம் காட்டினாரா, அவ்வளவுதான் பார்ப்போம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு உலகப் போட்டியிலேயே தனி நாக்அவுட் சுற்று உண்டு.

உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. ஒரு சனிக்கிழமை, விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தை நிறுத்தலாமா என்று மோஷன். சரளமாக ஆங்கிலம் பேசிய மூன்று பேர் மானியம், நிலத்தடி நீர், பட்ஜெட் என்று பேசி முடித்தார்கள். இவன் எழுந்து, மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வந்தால் தன் அப்பா இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் போவார் என்பதைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னான். கட்டணம் போட்டால் யார் மோட்டாரை நிறுத்துவார், யார் கடன் வாங்கியாவது ஓட்டுவார் என்று பிரித்துக் காட்டினான். நடுவில் ஆங்கிலச் சொல் கிடைக்காமல் "வரப்பு" என்றே சொன்னான். யாருக்கும் புரியாமல் போகவில்லை. அன்று அவன் அணிதான் முதலிடம்.

தயாரிக்கும்போது தமிழிலேயே யோசியுங்கள், தமிழிலேயே குறிப்பெடுங்கள். நான் கடைசி வருடம் வரை அப்படித்தான் எழுதினேன்.

வாராவாரம் அப்படி என்னதான் பண்ணுவீங்க?

சனிக்கிழமை நாலு மணிக்கு மூன்றாவது மாடி வகுப்பறையில் கூடுவோம். பெஞ்சுகளை இழுத்து எதிரெதிராகப் போடுவது முதல் வேலை. பிறகு மோஷன், தயாரிப்பு, எட்டுப் பேச்சு. பேச்சு மட்டும் 56 நிமிடம் ஆகும். அப்புறம் நடுவர்கள் தனியாகப் பேசி முடிவெடுத்து, ஒவ்வொருவருக்கும் என்ன சரி, என்ன விட்டுப்போனது என்று சொல்வார்கள். எல்லாம் முடிய ஆறரை ஆகிவிடும். யாராவது நன்றாக ஒரு கருத்தைச் சொன்னால் கைதட்டுவதில்லை, மேசையைத் தட்டுவோம்.

அப்புறம் எல்லோரும் பேக்கரிக்குப் போவோம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், இங்கே டீக்கடை என்றால் பேக்கரிதான். ஆளுக்கொரு டீ, ரெண்டு பேருக்கு ஒரு பப்ஸ். அறையில் பேச முடியாமல் விட்டதெல்லாம் அங்கே வரும். "நீ அந்தக் கேள்வியை ஏன் எடுக்கல?" "எடுத்திருந்தா நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்டா." இப்படியே எட்டரை மணி வரை போகும். ஹாஸ்டல் பெண்கள் மட்டும் கேட் மூடுவதற்குள் ஓட வேண்டியிருக்கும். பேக்கரியை வெட்டி அரட்டை என்று நினைத்து நேராக ரூமுக்குப் போய்விடுகிறவர்கள் இரண்டு மாதத்தில் கழகத்தை விட்டும் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்.

பதினஞ்சு நிமிஷத்துல எப்படி ரெடியாகுறது? எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது

முதல் மூன்று நிமிடம் பார்ட்னரோடு பேசாதீர்கள். இரண்டு பேரும் தனித்தனியாக எழுதுங்கள். உடனே பேசத் தொடங்கினால் குரல் பெரிதாக உள்ளவரின் யோசனை மட்டும் மிஞ்சும். மூன்று நிமிடம் கழித்துத் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் இருப்பது எது, ஒன்றில் மட்டும் இருப்பது எது என்று தெரியும். பல நேரம் ஒன்றில் மட்டும் இருப்பதுதான் விவாதத்தைக் காப்பாற்றும்.

என்ன எழுதுவது? உதாரணத்துக்கு, "இந்த அவை கல்லூரி விடுதிகளில் இரவு நேரக் கட்டுப்பாட்டை நீக்கும்" என்று மோஷன். சுதந்திரம், பாதுகாப்பு என்று பெரிய சொற்களை எழுதினால் தாள் அங்கேயே நின்றுவிடும். ஆட்களை எழுதுங்கள். ஏழரை மணிக்கு லைப்ரரியிலிருந்து எழுந்து வரவேண்டிய பெண். ஊரிலிருந்து போன் செய்யும் அம்மா. ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டிய வார்டன். கட்டுப்பாடு இருப்பதால்தான் மகளை வெளியூரில் சேர்க்கச் சம்மதித்த அப்பா. அந்த அப்பா எதிர்த் தரப்பின் மிகப் பெரிய பலம். அவரைக் கணக்கில் எடுக்காத அரசுத் தரப்பு தோற்கும். ஒவ்வொருவருக்கும் இன்று என்ன நடக்கிறது, நாளை என்ன மாறும், ஏன் மாறும். இதைக் கேட்டாலே ஏழு நிமிடத்துக்குச் சரக்கு வந்துவிடும்.

கடைசி இரண்டு நிமிடத்தை எதிரணி என்ன சொல்லும் என்று யோசிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நம்பாத பக்கத்துக்காகப் பேசுறது பொய் சொல்றது இல்லையா?

நேர்மையான ஆட்கள்தான் இதைக் கேட்பார்கள். கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். பொய்யான தகவல் சொன்னால் அது பொய். இல்லாத புள்ளிவிவரத்தை உருவாக்கிச் சொன்னாலும் பொய்தான், எங்கள் கழகத்தில் அதைக் கடுமையாகக் கண்டிப்போம். ஆனால் ஒரு பக்கத்துக்கு உண்மையிலேயே இருக்கிற நல்ல காரணங்களைத் தேடி எடுத்து வைப்பது பொய் ஆகாது. கேட்கிற எல்லோருக்கும் பக்கம் கொடுக்கப்பட்டது என்று தெரியும்.

வெளியே இருப்பவர்களுக்குத்தான் இது குழப்பும். 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு யூனியனில், "இந்த அவை எந்தச் சூழலிலும் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடாது" என்ற மோஷன் 275க்கு 153 என்ற வாக்கில் வென்றது. ஒரு தலைமுறையே கோழையாகிவிட்டது என்று பத்திரிகைகள் கொதித்தன. ஆறே வருடத்தில் உலகப் போர் வந்தபோது அந்தத் தலைமுறைதான் போருக்குப் போனது. ஒரு மாலையில் ஒரு அறையில் எடுத்த முடிவை வாழ்நாள் சத்தியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நம்பாத பக்கத்தில் நன்றாகப் பேசிய நாளில், அந்தப் பக்கத்தை நம்புகிறவர்கள் மீதான கோபம் கொஞ்சம் குறையும். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் கீழே சாதி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பார்ட்னரா என் பெஸ்ட் ஃப்ரெண்டையே எடுத்துக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் நல்ல நண்பர்கள் எல்லோரும் நல்ல ஜோடியாக அமைவதில்லை. உங்கள் யோசனையை "இது வேண்டாம்" என்று சொல்லக் கூடியவரா, நீங்கள் அதைச் சொன்னால் முகம் சுருங்காமல் கேட்பவரா என்று பாருங்கள். முதல் வருடத்தில் நாலைந்து பேரோடு மாறி மாறிப் பேசிப் பாருங்கள்.

என் பார்ட்னருக்கும் எனக்கும் முதல் ஆறு மாதம் பெரிய நட்பு ஒன்றும் இல்லை. அவள் வேறு டிபார்ட்மென்ட், வேறு ஹாஸ்டல், அதிகம் பேசாதவள். நான் பேசும்போது வேகம் கூடிக்கொண்டே போகும். ஒரு போட்டியில் என் மூன்றாவது நிமிடத்தில் ஒரு துண்டுத் தாளை என் அட்டைக்கு மேல் வைத்தாள். பென்சிலில் "மெதுவா" என்று எழுதியிருந்தது. மூச்சு விட்டு, மெதுவாகப் பேசினேன். அடுத்த போட்டிக்கு அதே தாளை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஓரம் கிழிந்து செலோடேப் ஒட்டிய பிறகும் மூன்று வருடம் அந்தத் தாளையே பயன்படுத்தினோம்.

பார்ட்னர் சொதப்பி, என்னால இல்லாம தோத்துட்டா எப்படி அமைதியா இருக்கிறது?

நடுவர் தீர்ப்புச் சொன்ன அரை மணி நேரத்துக்கு அதைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். தண்ணீர் வாங்கிக் கொடுங்கள். அவருக்கே தெரியும், எங்கே போனது என்று. பிறகு பேசும்போது "நீ" என்று தொடங்காமல் "நம்ம கேஸ்ல" என்று தொடங்குங்கள். மூன்றாம் பேரிடம் போய்க் குறை சொல்வதை மட்டும் செய்யவே கூடாது. கழகம் சின்னது, மாலைக்குள் அது அவர் காதுக்குப் போய்விடும். இரண்டு ஜோடிகள் உடைந்ததை என் காலத்திலேயே பார்த்தேன், இரண்டும் இதனால்தான்.

எதிர்ல நின்னு அவ்வளவு காரமா பேசிட்டு அப்புறம் எப்படி ஒண்ணா சாப்பிடுறீங்க?

விவாதம் முடிந்ததும் எழுந்து போய் எல்லா அணியினரோடும் கை குலுக்க வேண்டும். தீர்ப்பு வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவோம். தோற்றவர் என்றும் ஜெயித்தவர் என்றும் அப்போது யாரும் இல்லை, அதனால் கை குலுக்குவது எளிது.

இது நம் பழைய அறிவுரையும்தான். மணிமேகலையில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும் இடத்தில், சமய வாதிகளைப் பட்டிமண்டபத்தின் முறை அறிந்து ஏறச் சொல்கிறார்கள். அடுத்த வரியிலேயே, பகைவரோடு ஆனாலும் செற்றமும் கலாமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்கிறார்கள். கலாம் என்றால் கலகம், சண்டை. வாதத்துக்கு அழைத்த கையோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அப்போதும் பேக்கரியில் வந்து கத்துகிறவர்கள் இருந்திருப்பார்கள் போல.

ஆள்மேல் பேசினால்தான் சண்டை வரும். "நீங்க சொன்ன காரணம் நிற்காது" என்றால் கோபம் வருவதில்லை. "உங்களுக்கு இது புரியாது" என்றால் வரும்.

சீனியர்ஸை எப்படிக் கூப்பிடணும்? அவங்களை எதிர்த்துப் பேசலாமா?

அண்ணா, அக்கா போதும். விவாதம் தொடங்கிய பிறகு அண்ணாவும் அக்காவும் கிடையாது. "எதிர்க்கட்சித் தலைவர்", "முதல் அரசுத் தரப்பு" என்று இடத்தின் பெயர்தான். குறுக்குக் கேள்வி கேட்க எழுந்தால் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் கேளுங்கள். முதலாமாண்டுப் பெண் கேட்ட கேள்வியில் இறுதியாண்டு அண்ணா ஒருவர் பதினைந்து விநாடி பதிலில்லாமல் நின்றார். மேசையை முதலில் தட்டியது அவரேதான்.

வெளியூர் போட்டிக்கு வீட்ல விடவே மாட்டேங்குறாங்க. நான் பொண்ணு வேற

அப்பா அம்மாவைக் கோபித்துக்கொள்வதற்கு முன், பதினைந்து நிமிடத் தயாரிப்பு பற்றி மேலே எழுதியதில் வரும் அந்த அப்பாவை நினைத்துப் பாருங்கள். அவருக்கு விவரம் வேண்டும். எந்த ரயில், எத்தனை பெண்கள் வருகிறார்கள், எங்கே தங்குவது, உடன் வரும் ஆசிரியர் யார், திரும்ப எத்தனை மணிக்கு. எங்கள் கழகத்தில் இதையெல்லாம் ஒரே தாளில் எழுதி, பொறுப்பாளர் அக்காவின் போன் எண்ணோடு கொடுத்துவிடுவோம். தேவைப்பட்டால் அக்காவே போன் செய்து பேசுவார். என் அப்பா முதல் தடவை விடவில்லை. இரண்டாம் தடவை ஸ்டேஷன் வரைக்கும் வந்து, யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சென்னைக்கு சேரன் எக்ஸ்பிரஸில் போவோம். ராத்திரி ஏறினால் காலையில் சென்ட்ரல். தூங்கலாம் என்றுதான் ஏறுவோம், ஆனால் ஈரோடு தாண்டும்போதும் பக்கத்து பெர்த்காரர் "லைட்டை அணைங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

எவ்வளவு செலவாகும்? எங்க வீட்ல கேட்க முடியாது

கல்லூரிக்குள் நடப்பதற்கு எதுவும் இல்லை. வெளியூர் என்றால் ஸ்லீப்பர் டிக்கெட், பதிவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து என் காலத்தில் ஆளுக்கு 2,000 ரூபாய்க்குள் முடித்தோம். பதிவுக் கட்டணத்தைச் சில கல்லூரிகள் தரும், சில தராது.

பணம் இல்லை என்பதால் ஒருவர் வராமல் போகக் கூடாது என்பதில் எங்கள் கழகம் உறுதியாக இருந்தது. ஜெயித்த பரிசுத் தொகையில் பாதி பொது உண்டியலுக்குப் போகும். யாருக்கு அதிலிருந்து கொடுத்தோம் என்பது பொருளாளருக்கு மட்டும்தான் தெரியும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். எனக்கும் ஒரு முறை அந்தப் பணத்தில்தான் டிக்கெட் போட்டார்கள்.

அட்டென்டன்ஸ் போயிடாதா? அரியர் விழுமா?

போட்டி நாட்களுக்கு ஓடி, அதாவது ஆன் டியூட்டி அனுமதி, வாங்கலாம். கடிதத்தில் துறைத் தலைவரின் கையெழுத்தைப் போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், வந்த பிறகு அலைய வேண்டாம். ஓடியை நம்பி மற்ற நாளில் கட் அடித்தால் 75 சதவீதம் நிற்காது. அரியர் விழுந்தவர்களை அந்த செமஸ்டர் போட்டிக்கு அனுப்புவதில்லை. சனிக்கிழமைக்கு மட்டும் வரலாம். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கக் கழகத்திலேயே ஆள் இருப்பார்கள். எனக்கு எம் த்ரீ என்கிற கணிதப் பாடம் தேறியது அப்படித்தான்.

நான் எப்பவும் கடைசிதான் வர்றேன். விட்டுடலாமா?

நாலு அணியில் ஒன்று எப்போதும் கடைசியாகத்தான் வரும், அதனால் அந்தப் பூஜ்யத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு விவாதத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: மோஷன், எந்த இடம், நடுவர் சொன்ன ஒரு குறை. பத்து விவாதத்துக்குப் பிறகு புரட்டிப் பார்த்தால் ஒரே குறை ஐந்து முறை வந்திருக்கும். அதை மட்டும் சரிசெய்யுங்கள். என் நோட்டில் "எதிரணிக்குப் பதில் சொல்லவில்லை" என்று ஏழு முறை இருந்தது.

இரண்டு மாதம் இதைச் செய்தும் வர மனமில்லை என்றால் விட்டுவிடலாம், தப்பே இல்லை. தோற்றது வலிக்கிறது என்பதற்காக மட்டும் விடாதீர்கள்.

நடுவர் தப்பான தீர்ப்பு சொன்னா என்ன பண்றது?

தீர்ப்பு மாறாது. காரணம் கேட்கலாம், மரியாதையாகக் கேட்டால் நல்ல நடுவர்கள் விளக்குவார்கள். "எங்க பாயின்ட் உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்று கேளுங்கள். நாம் மனதில் நினைத்ததும் வாயில் வந்ததும் வேறு வேறாக இருந்தது பாதி நேரம் அப்போதுதான் தெரியும். மீதிப் பாதியில் நடுவர் தவறியிருக்கலாம். நானும் தவறியிருக்கிறேன். ஒரு அணியின் குறிப்பைப் பக்கம் மாற்றி எழுதி, அவர்கள் சொன்னதை மற்றவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டேன். ரயிலில் திரும்பும்போது நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். நடுவர் எழுதிய கருத்துத் தாளைப் போலவே, நடுவரைப் பற்றி அணிகள் எழுதும் தாளும் உண்டு. அதைத் தவறாமல் நிரப்பிக் கொடுங்கள்.

சாதி, மதம், இடஒதுக்கீடுன்னு தலைப்பு வந்தா? அது என்னைப் பத்தினதா இருந்தா?

எங்கள் கழகம் இதைத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டது. நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஒரு பயிற்சி விவாதத்தில் இடஒதுக்கீடு பற்றிய மோஷன் வந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழோடு சேர்ந்த ஒரு தங்கை, ஒதுக்கீட்டை எதிர்க்கும் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். ஏழு நிமிடமும் அழகாகப் பேசினாள். முடித்ததும் வராந்தாவுக்குப் போய்விட்டாள். நாங்கள் உள்ளே உட்கார்ந்து அவளுடைய வாதத்தின் அமைப்பைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். பத்து நிமிடம் கழித்துத்தான் நான் வெளியே போனேன். "நான் இங்க இருக்கிறதே தப்புன்னு ஏழு நிமிஷம் நானே பேசிட்டேன்க்கா. நீங்க ஸ்ட்ரக்சர் நல்லா இருக்குன்னு மேசையைத் தட்டுறீங்க" என்றாள். எனக்குப் பதில் இல்லை. அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

நம்பாத பக்கத்தைப் பேசுவது பற்றி மேலே நான் சொன்னது, அந்தப் பேச்சு உங்கள் இருப்பையே கேள்வி கேட்காத வரைக்கும்தான். அன்றிலிருந்து எங்களிடம் மூன்று வழக்கங்கள் உண்டு. மோஷனை அறிவித்ததும் யார் வேண்டுமானாலும் "நான் மாறிக்கிறேன்" என்று சொல்லலாம், காரணம் கேட்க மாட்டோம். பேச்சில் எந்தச் சமூகத்தையும் "இவர்கள் இப்படித்தான்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் நடுவர் நிறுத்துவார். இப்படியான விவாதம் முடிந்ததும் தீர்ப்புக்கு முன், எல்லோரும் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவோம். பெரிய போட்டிகளில் இதற்கென்றே ஈக்விட்டி அதிகாரி ஒருவர் இருப்பார். அவரிடம் போவதைப் புகார் கொடுப்பதாக நினைத்துத் தயங்க வேண்டாம்.

அந்தத் தங்கை கழகத்தில் இருந்தாள். அடுத்த வருடம் அவள்தான் தலைவர். மூன்று வழக்கங்களையும் எழுதி வைத்தது அவள்தான்.

கிளப்ல ஒரே செட்டுதான் எல்லாப் போட்டிக்கும் போகுது. எங்களுக்கு எப்போ?

நியாயமான கோபம். நல்லவர்களை அனுப்பினால் கப் வரும், புதியவர்களை அனுப்பினால் கழகம் வளரும், இரண்டும் வேண்டும். நாங்கள் பிறகு வைத்த முறை: மூன்று அணி போகலாம் என்றால் ஒன்றில் கட்டாயம் ஒரு புதியவரும் ஒரு மூத்தவரும். மூத்தவர்கள் முனகினார்கள், நானும் முனகினேன். உங்கள் கழகத்தில் அப்படி இல்லை என்றால் பொதுக் குழுவில் கேளுங்கள். பேசக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் இதைக்கூடப் பேச முடியாவிட்டால் எப்படி?

எனக்குப் பேசுறது பிடிக்கல, ஆனா அங்க இருக்கப் பிடிச்சிருக்கு. இருக்கலாமா?

தாராளமாக. எங்கள் கழகத்தில் நான்கு வருடத்தில் மொத்தமே மூன்று முறை பேசிய ஒரு அண்ணா இருந்தார். போட்டி நடத்தும்போது எந்த அணி எந்த அறைக்கு என்று கணினியில் ஜோடி சேர்ப்பதை டேப் என்போம். டேப்பிகேட் என்ற மென்பொருளில் அதை முழுக்கப் பார்த்தவர் அவர். மற்றவர்கள் தூங்கிய பிறகும் மடிக்கணினி முன்னால் இருப்பார். யாருடைய பேச்சு எந்த வாரம் எப்படி மாறியது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். சோர்ந்துபோனவர்கள் தேடிப் போனது சாம்பியன்களை அல்ல, அவரை.

வேலைக்கு உதவுமா?

குரூப் டிஸ்கஷனுக்கும் இன்டர்வியூவுக்கும் உதவும். இதற்காக மட்டும் என்றால் ஒரு செமஸ்டர் வந்தால் போதும்.

காலேஜ் முடிஞ்சதும் இந்த நட்பெல்லாம் அப்படியே போயிடுமா?

சிலது போகும். வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் மிஞ்சிய ஆட்கள் எனக்கும் இருக்கிறார்கள்.

என் பார்ட்னர் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு முறை பேசினால் அதிகம். போன வருடம் அவள் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை செய்வதா, மருந்தோடு கொஞ்ச நாள் பார்ப்பதா என்று மருத்துவர் குடும்பத்திடமே கேட்டுவிட்டார். ராத்திரி பதினொன்றுக்கு எனக்கு போன் வந்தது. நான் என்னென்னவோ சொல்லத் தொடங்கினேன். அவள் நிறுத்தி, "மூணு நிமிஷம் தனியா எழுது, நானும் எழுதுறேன், அப்புறம் கூப்பிடு" என்றாள். எழுதினோம். கூப்பிட்டேன். என் தாளில் இல்லாத ஒன்று அவள் தாளில் இருந்தது: அப்பாவிடமே கேட்கலாம் என்று.